எத்தொழில் செய்வேன்?

எஸ்.பி.எம். பரீட்சை முடிவுகள் வெளியான நாள்முதல் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு விசாரணை தொடங்கிவிடுகின்றது. தாய்மாமன் வருகின்றார், சிற்றப்பன் வருகின்றார், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து அமர்கின்றார். "அடுத்து என்ன படிக்கப் போகிறாய், தம்பி?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வினவுகின்றனர். பையன் விடை கூறுமுன்னரே விடைகள் வந்து குவிகின்றன. வைத்தியம் என்கின்றார் ஒருவர். சட்டம் என்கின்றார் மற்றொருவர். சர்க்கார் உத்தியோகத்திற்கு நிகரேது என்கின்றார் மூன்றாமவர். பையனோ வாய் திறவான். இரவில் உறங்கான்; பகலில் உண்ணான்; நண்பர் அழைத்தாலும் வெளிச்செல்லான். இதனைச் சோம்பல் என்று தந்தை கடிகின்றார். கண்ணேறு என்று கருதிய பாட்டி, மந்திரித்த கயிறொன்றைக் கொணர்ந்து கையில் கட்டிவிடுகின்றார். கயிறு கட்டியும் பையன் பேசவில்லையெனின், "திமிர்" என்ற முடிவுக்கு வீடு முழுவதும் வந்து சேர்கின்றது.

இது சோம்பலுமன்று, திமிருமன்று, கண்ணேறுமன்று. எத்தொழிலைக் கைக்கொள்வது என்று துணியமாட்டாமையும் மனத்துயரும் ஒன்றையொன்று பற்றி வளர்பவை. அவ்விரண்டின் உறவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது மிகப் பழைய வரலாறன்று. பிறந்த குடியே தொழிலைத் தீர்மானித்துவந்த காலத்தில் இவ்வினா பெரும்பாலும் எழவில்லை. குயவன் மகன் சக்கரம் சுற்றினான், அவ்வளவே. பிறப்பின் கட்டு தளர்ந்து, கல்வி பரவி, புதுத்தொழில்கள் பெருகிய சென்ற இரு நூற்றாண்டுகளில்தான் வாலிபன் ஒருவன் பல பாதைகள் கூடுமிடத்தில் நின்று மயங்குவது உலகப் பொதுக் காட்சியாயிற்று. அம்மயக்கம் எத்தகையது, அதற்கு என்ன மருந்து தேடினர் என்பதை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் அதன் அருகிலும் ஐம்பதாண்டுக்குள் வாழ்ந்த இருவர் சரித்திரத்தைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

முதலாமவர் வில்லியம் ஜேம்ஸ். மனோதத்துவத்தை அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் வேரூன்றச் செய்த பேராசிரியர் என்றே உலகம் அவரை அறியும். அப்பேராசிரியர், தாம் எத்தொழிலுக்கு உரியவர் என்றறியாமல் ஏறக்குறையப் பன்னிரண்டாண்டு உழன்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1842-இல் நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, ஆல்பனி என்னும் ஊரில் பெருஞ்செல்வம் தேடியவர். அச்செல்வத்தின் பயனால் தந்தையாருக்குத் தொழிலென்று ஒன்று வேண்டியிருக்கவில்லை. சிறுவயதில் தீ விபத்தில் ஒரு காலை இழந்த அவர், சமயத் தத்துவ நூல்களை எழுதுவதும் நண்பருடன் வாதிடுவதுமாகக் காலங்கழித்தார். "உன் தகப்பனாருக்கு என்ன வேலை?" என்று பள்ளித் தோழர் கேட்டால் என்ன சொல்வதென்று பிள்ளைகள் தவித்தனராம். மாணவன் என்று சொல்லுங்கள் என்பது தந்தையார் அளித்த விடைகளுள் ஒன்று. ஒரு தொழிலுக்குள் அடைபட்டால் மனிதத் தன்மை குறுகிப்போம் என்பது அவருடைய கொள்கை. ஜெனீவா, பாரிஸ், லண்டன், பான் என்று ஊர்தோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பள்ளிக்கூடத்தை மாற்றி மாற்றிப் படிக்கவைத்தார். எண்ணிறந்த கதவுகளைத் திறந்துவிட்ட தந்தை அவர். எக்கதவின் வழியும் பிள்ளை உள்ளே நுழைந்துவிடுவதை மட்டும் அவர் விரும்பினாரல்லர். நம் வீட்டுத் தந்தையர் ஒரே கதவைக் காட்டி மற்றவற்றை அடைக்கின்றனர். இரண்டு வழியிலும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவதுதான் விந்தை!

வில்லியமின் முதல் விருப்பம் ஓவியம். தந்தையார் முதலில் தடுத்தார், பின்னர் இணங்கினார். 1860-இல் நியூபோர்ட் என்னும் ஊரில் வில்லியம் மாரிஸ் ஹன்ட் என்ற ஓவியரிடம் வில்லியம் மாணவராகச் சேர்ந்தார். ஓராண்டு முற்றுப்பெறுமுன்னரே தூரிகையைக் கீழே வைத்தார். 1861-இல் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பள்ளியில் சேர்ந்து இரசாயனம் பயின்றார். ஆங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சார்லஸ் எலியட். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் மீண்டும் வரும்.

அவ்வாண்டே அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இளைய சகோதரர் இருவர் படையில் சேர்ந்தனர். அவருள் ஒருவர், கறுப்பின வீரரைக் கொண்ட படைப்பிரிவில் அதிகாரியாகச் சென்று, 1863-இல் வாக்னர் கோட்டைப் போரில் கடுங்காயமுற்று வீடு திரும்பினார். மூத்தவராகிய வில்லியம் போருக்குச் செல்லவில்லை. தம்பியர் உயிரைப் பணயம் வைத்து ஒரு கடமையைத் தேர்ந்துகொண்டிருக்க, இன்ன படிப்பு என்று துணியமாட்டாமல் வீட்டிலிருக்கும் வாலிபனின் மனநிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் உறவுப் பெண் ஒருத்திக்கு எழுதிய கடிதத்தில், தம்முன் நான்கு வழிகள் உள்ளன என்று அவர் கணக்கிட்டார்: இயற்கை விஞ்ஞானம், வைத்தியம், அச்சுத்தொழில், பிச்சை. நகைச்சுவையாகத்தான் எழுதினார். ஆயினும் நகைப்பின் அடியில் அச்சமிருந்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

1864-இல் வைத்தியப் பள்ளி. 1865-இல் அதனை நிறுத்திவிட்டு, லூயி அகாசிஸ் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானியின் குழுவுடன் பிரேஸில் நாட்டு அமேசான் ஆற்றுக்கு மீன் சேகரிக்கச் சென்றார். (இந்த அகாசிஸ், மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்று சாதித்தவர், டார்வின் கொள்கையைக் கடைசிவரை எதிர்த்தவர். பெரும் படிப்பு பெரும் பேதைமைக்குத் தடையன்று.) ஆங்கே மிதமான வைசூரி கண்டது, கண்களும் கெட்டன. ஊர் ஊராய்த் திரிந்து உயிர்களைச் சேகரிப்பது தமக்கியைந்த தொழிலன்று, தாம் சிந்தனைக்கே உரியவர் என்னும் ஓர் அறிவு மட்டும் அப்பயணத்தில் கிடைத்தது. மீண்டும் வைத்தியம். மீண்டும் நிறுத்தம். 1867-இல் முதுகுவலிக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை தேடியும், ஜெர்மானிய மொழியும் உடலியலும் கற்க வேண்டியும் ஜெர்மனி சென்றார். முதுகில் வலி, கண்ணில் வலி, உறக்கமின்மை, வயிற்றுக் கோளாறு என்று உடலெங்கும் நோய். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் தற்கொலை எண்ணம் தம்மை விட்டு நீங்கவில்லை என்பதை நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 1869-இல் எப்படியோ வைத்தியப் பட்டம் பெற்றார். ஒரு நாளும் வைத்தியத் தொழில் நடத்தினாரல்லர்.

பட்டம் பெற்றவுடன் துயர் நீங்கியிருக்கும் என்று வாசகர் நினைக்கலாம். மாறாக, அதன் பின்னரே அது முற்றிற்று. படிக்கும் வரையில் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்னும் விடையொன்று கைவசமிருந்தது. பட்டத்துடன் அவ்விடையும் பறிபோயிற்று. 1870-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நிலை மிகவும் தாழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில், அவர் அன்பு செலுத்திய மின்னி என்னும் உறவுப் பெண் 24 வயதிலேயே காசநோயால் மாண்டாள்.

1870 ஏப்ரல் 30-இல் எழுதிய நாட்குறிப்பு அவர் சரித்திரத்தில் புகழ்பெற்றது. ரெனூவியே என்னும் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியரைப் படித்த ஜேம்ஸ், வேறு எண்ணங்கள் எழக்கூடிய வேளையிலும் தான் விரும்பிய எண்ணத்தைத் தானே பற்றிநிற்கும் ஆற்றல் மனிதனுக்குண்டு என்பதை ஏற்றார். அவ்வாற்றலை நம்புவதே அதன் முதற்செயலாகுக என்று துணிந்தார். விதியென்றும் தலையெழுத்தென்றும் பேசிக் கைகட்டி நிற்கும் நம் சமூகத்தார் இச்செய்தியைப் பலமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

நிற்க. சரித்திரம் எழுதுவோர் பலர் இந்நாளையே அவர் வாழ்வின் திருப்பமாகக் கூறுவர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நாட்குறிப்பு எழுதிய பின்னும் இரண்டாண்டுக்கு மேல் அவர் வீட்டிலேயே சோர்ந்து கிடந்தார். உண்மையான திருப்பம் 1872-இல் வந்தது. அது புத்தகத்திலிருந்து வரவில்லை, மனிதனிடமிருந்து வந்தது. முன்னாள் இரசாயன ஆசிரியராகிய எலியட், 1869 முதல் ஹார்வர்டின் தலைவராயிருந்தார். தம் பழைய மாணவனின் அறிவையும் அலைச்சலையும் அவர் அறிவார். உடலியலில் ஒரு பகுதியைக் கற்பிக்குமாறு அவர் ஜேம்ஸை அழைத்தார். 1873 ஜனவரியில் ஜேம்ஸ் வகுப்பறைக்குள் நுழைந்தார். சிறிய வேலைதான். ஆயினும் காலையில் எழுந்து செல்ல ஓரிடமும், தம்மை எதிர்நோக்கும் மாணவரும் இருந்தனர். வாழ்நாளெல்லாம் உடலியல்தானா என்ற வினாவுக்கு விடை காணாமலே இந்த மாதத்துப் பாடத்தை நடத்த முடிந்தது. படிப்படியாக நோய் தணிந்தது.

உடனே எல்லாம் நேராயிற்று என்றும் சொல்வதற்கில்லை. வேலையைத் தொடருமாறு அழைத்தபோது மறுபடி தயங்கினார். ஏற்றபின்னும் ஓராண்டு ஓய்வு கேட்டு ஐரோப்பா சென்றார். திரும்பி வந்து, 1875-இல் மனோதத்துவப் பாடத்தைத் தொடங்கினார். 1878-இல் மணம் புரிந்துகொண்டார். அவ்வாண்டே எழுத ஒப்புக்கொண்ட பெருநூல் பன்னிரண்டாண்டுக்குப் பின் 1890-இல் வெளிவந்தது. 'மனோதத்துவக் கோட்பாடுகள்' என்பது அதன் பெயரின் பொருள்.

அந்நூலில் தன்மதிப்பைப் பற்றி ஒரு பின்னக் கணக்கு வருகின்றது. மேலே வெற்றி, கீழே எதிர்பார்ப்பு. மேலெண்ணைக் கீழெண்ணால் வகுத்தால் கிடைப்பதே ஒருவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் மதிப்பு. வெற்றியைப் பெருக்கினாலும் மதிப்பு உயரும். எதிர்பார்ப்பைக் குறைத்தாலும் உயரும். மனோதத்துவத்தில் தம்மை மிஞ்சியவரைக் கண்டால் தமக்கு வெட்கமாயிருக்கும் என்றும், கிரேக்க மொழியில் தம் அறியாமை பற்றித் தமக்குச் சிறிதும் வெட்கமில்லை என்றும் அவர் எழுதினார். கிரேக்கத்தில் வல்லவனாவதாக அவர் என்றும் உறுதி பூண்டதில்லையன்றோ! ஒருவன் ஆகக்கூடிய மனிதர் பலர். அவருள் ஒருவனைத் தேர்ந்து மற்றவரைக் கைவிட்டாலன்றி வாழ்க்கை நடவாது என்பது அவர் கருத்து. ஓவியனையும் இரசாயனனையும் வைத்தியனையும் ஒவ்வொருவராகக் கைவிட்டவர் எழுதியதாதலின், இது வெறும் ஏட்டுரையன்று.

இனி நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாமனை நினைத்துப் பாருங்கள். பையனுடைய பின்னத்தின் கீழெண்ணை அவரே எழுதிவிடுகின்றார். அது அவன் கொண்ட ஆசையன்று. ஆயினும் அதனால் வகுக்கப்படுவது அவனுடைய மதிப்பு.

ஜேம்ஸ் குடும்பத்தில் பிள்ளைகள் ஐவர். கடைசிப் பிள்ளை ஆலிஸ் என்னும் பெண். அவளுடைய கூர்த்த அறிவு அவள் மறைவுக்குப் பின் அச்சேறிய நாட்குறிப்பால் விளங்கும். இருபது வயதிலேயே நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி, வாழ்நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழித்து, 1892-இல் இறந்தாள். "எத்தொழில் செய்வாய்?" என்று அண்ணனைப் பன்னிரண்டாண்டு கேட்டுத் துளைத்த வீடு, அவளை ஒருமுறையும் கேட்கவில்லை. கேள்வியால் வரும் நோய் ஒன்று. கேளாமையால் வரும் நோய் மற்றொன்று.

இதுகாறும் கூறியதில் ஒரு குறையுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. பன்னிரண்டாண்டு தயங்குவதற்கு ஜேம்ஸுக்கு வசதி இருந்தது. பாட்டனார் பணம் இருந்தது. ஜெர்மனியில் வெந்நீர்க் குளியலுக்கும் அதுவே செலவாயிற்று. தலைவராய் வீற்றிருந்த ஆசிரியரும் ஒருவர் இருந்தார். இவை ஒன்றும் இல்லாத வாலிபன் என் செய்வான்? இவ்வினாவுக்கு விடை தேடியவரே நம் இரண்டாமவர்.

பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய வடகோடிப் பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரும் ருஷ்ய யூதரும் நெருக்கமாகக் குடியேறியிருந்தனர். கப்பலில் வந்த ஏழைகள், தாய்மொழி வேறு, ஊரார் ஏளனம் வேறு. பிள்ளைகள் 14 வயதில் பள்ளியைவிட்டு, முதலில் எவன் கூலி கொடுக்கின்றானோ அவனிடம் வேலைக்குப் போயினர். அப்பகுதியில் 1901-இல் பொதுநலப் பணி இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. அதற்குப் பொருள் உதவியவர் பாலின் அகாசிஸ் ஷா என்னும் பெருமாட்டி. ஜேம்ஸை அமேசானுக்கு அழைத்துச் சென்ற அதே அகாசிஸின் மகள்! செப்புச் சுரங்கத்தில் கணவர் ஈட்டிய செல்வத்தை, குழந்தைப் பள்ளிகளிலும் கைத்தொழில் பள்ளியிலும் அவ்வம்மையார் செலவிட்டார். மனித இனங்களைப் பிரித்து வைத்துப் பேசிய தந்தைக்கு, வந்தேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த மகள் பிறந்தது சரித்திரம் நமக்களிக்கும் மகிழ்ச்சிகளுள் ஒன்று.

அவ்வில்லத்தில் 1905 முதல் உழைப்பாளருக்கு இரவு வகுப்புகள் நடத்தியவர் பிராங்க் பார்சன்ஸ். 1854-இல் நியூஜெர்ஸி மாகாணத்தில் பிறந்த இவரும் அலைந்தவரே. 1873-இல் கார்னெல் சர்வகலாசாலையில் எஞ்சினீயர் பட்டம் பெற்று இரயில்வேயில் சேர்ந்தார். அவ்வாண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. இரும்பாலையில் கூலியாளாக நின்றார். பள்ளி ஆசிரியரானார். சட்டம் படித்தார், அளவுக்கு மீறிப் படித்து உடல் குலைந்து, நியூமெக்ஸிகோவின் திறந்த வெளியில் ஏறக்குறைய மூன்றாண்டு தங்கி உடல் தேறினார். வக்கீல்களுக்கு நூல் எழுதினார், சட்டப் பேராசிரியரானார், 1895-இல் பாஸ்டன் நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் ஜேம்ஸைப்போல் மனத்துள் அமிழ்ந்து போகாமல், தம் அலைச்சலுக்குச் சமூகத்தில் காரணம் தேடினார். குதிரையைப் பழக்க முறை வகுத்திருக்கும் நாடு, மனிதக் குழந்தை தொழிலைத் தேர மட்டும் முறை வகுக்காமல் தற்செயலுக்கு விட்டுவிட்டதே என்பது அவர் வருத்தம்.

இரவுப் பள்ளியை முடிக்கும் மாணவரிடம் இதைப் பற்றி அவர் ஒருமுறை பேசினார். கேட்ட பையன்கள் ஒவ்வொருவராக வந்து, தனியே பேச நேரம் தாருங்கள் என்று வேண்டினர். இதிலிருந்தே 1908 ஜனவரியில், ஷா அம்மையார் பொருளுதவியுடன், தொழில் ஆலோசனை நிலையம் பிறந்தது. உலகில் இத்தகைய நிலையங்களுக்கு இதுவே முன்னோடி எனப் பெரும்பாலோர் கொள்வர்.

அங்கே நடந்தது என்ன? பையனை எதிரே அமர்த்தி, நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைப் பார்சன்ஸ் கேட்பார். உடல்நலம் எப்படி? ஓய்வில் என்ன செய்கிறாய்? என்ன நூல் படித்தாய்? பணத்தை எவ்வாறு செலவிடுகிறாய்? எவ்வேலையில் நேரம் போவது தெரியவில்லை? பேசிக்கொண்டே பையனின் கண், குரல், நடை யாவற்றையும் நோக்குவார். தலையின் அமைப்பையும் நோக்கினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மண்டை வடிவில் குணம் காண்பது அக்காலத்து மூடநம்பிக்கை. நம்மவர் ஜாதகக் கட்டத்தில் உத்தியோகம் தேடுவதற்கு அது அண்ணன் முறை. அதனைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அவர் முறையின் சாரம் மூன்று: தன்னைத் தான் அறிதல், தொழில்களின் தேவையையும் ஊதியத்தையும் வாய்ப்பையும் அறிதல், இரண்டையும் நேர்மையாகப் பொருத்திப் பார்த்தல். பொருத்திப் பார்ப்பவன் பையனே. ஆலோசகர் முடிவு சொல்பவரல்லர் என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

அவர் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. 19 வயது இளைஞன், மெலிந்த உடல், களையற்ற முகம், படிப்பிலும் பின்தங்கியவன். தான் வைத்தியனாக வேண்டும் என்றான். பார்சன்ஸ் அவனைக் கடியவுமில்லை, பொய்யாகப் புகழவுமில்லை. வைத்தியனுக்கு வேண்டிய நினைவாற்றல், பிறரைக் கவரும் இயல்பு, உடல்வலிமை முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை உன்னிடம் எந்த அளவில் உள்ளன என்று அவனையே கேட்டார். பின்னர், உடலுக்கு நலந்தரும் திறந்தவெளித் தொழில்களையும், கால்நடைப் பண்ணைகளையும் நேரிற் சென்று பார்த்துவருமாறு யோசனை கூறினார். இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது எனக்குச் சற்று மனக்கசப்பும் உண்டாகின்றது. மெலிந்த பையன் தேறக்கூடாதா? பின்தங்கியவன் முந்தக்கூடாதா? ஒரு மாலைப்பொழுதில் ஒருவனை அளந்துவிட முடியுமா? ஆயினும், "வைத்தியம்" என்னும் ஒரு சொல்லைக் கேட்டு நான்கு பேர் கைதட்டிய பின் தனியே விடப்படுவதைக் காட்டிலும், ஒரு மாலை முழுவதும் தன்னைப் பற்றி ஒருவர் அக்கறையுடன் கேட்டது அவனுக்கு நலமே செய்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

பார்சன்ஸ் நெடுநாள் இருக்கவில்லை. நிலையம் திறந்த அவ்வாண்டே, 1908 செப்டம்பரில் மாண்டார். 'தொழிலைத் தேர்தல்' என்னும் அவர் நூல் 1909-இல் வெளிவந்தது. 1910-இல் பாஸ்டனில் இதற்கென நாடளாவிய மகாநாடு கூடிற்று. அதன்பின் இம்முறை பள்ளிகள்தோறும் பரவிய கதை நீளமானது, அதை விட்டுவிடுகிறேன்.

பிற்காலத்து அறிஞர் இவ்விரு வழிகளையும் இணைத்துப் பார்த்தனர். எரிக் எரிக்ஸன் என்பார் இளமையில் ஓவியராக ஐரோப்பாவெங்கும் அலைந்து, பட்டமேதும் இன்றியே மனோதத்துவ அறிஞரானவர். வாலிபரைப் பெரிதும் கலக்குவது, தான் இன்ன தொழிலினன் என்று நிலைபெற முடியாமையே என்று 1950-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறினார். 1968-இல் எழுதிய மற்றொரு நூலில் ஜேம்ஸையே சான்றாக எடுத்தாண்டார். துணிபு காண வாலிபனுக்குச் சிறிது கால அவகாசம் சமூகம் அளிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1996-இல் இதாமார் காத்தி முதலிய ஆராய்ச்சியாளர் மூவர், தொழில் தேர்வில் நேரும் இடர்களை மூன்று வகையாகப் பிரித்தனர். தேர்வுக்கு மனம் ஆயத்தப்படாமை ஒன்று. போதிய செய்தி கிட்டாமை மற்றொன்று. கிட்டிய செய்திகளும் விருப்பங்களும் ஒன்றோடொன்று முரணுதல் மூன்றாவது. பெற்றோர் விருப்பமும் பிள்ளை விருப்பமும் மோதுவது இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள், துணிபின்மை மிக்க மாணவரிடம் கவலையும் தன்மதிப்புக் குறைவும் மிக்கிருக்கக் கண்டன. எது காரணம், எது காரியம் என்று பிரிப்பது அரிது. கவலையுற்ற மனம் தேர்வு செய்ய அஞ்சுகின்றது. தேர்வு தள்ளிப்போகப் போகக் கவலை வளர்கின்றது. ஜேம்ஸின் பன்னிரண்டாண்டும் இச்சுழற்சியே.

"இத்தனை தொல்லை எதற்கு? அப்பன் தொழிலை மகன் செய்தவரையில் எல்லாரும் நிம்மதியாயிருந்தனரே" என்பாரும் நம்மிடையே உளர். இவ்வெண்ணம் அரசுத் திட்டமாகவே ஒருமுறை தலைகாட்டியது. 1953-இல் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராஜாஜி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி பள்ளியிலும் மறுபகுதி பெற்றோர் தொழிலிலும் ஈடுபடும் திட்டத்தைப் புகுத்தினார். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் பிறரும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

நமக்கோ சென்னை மாகாணம் வரை போகவேண்டியதில்லை. தேர்வே இல்லாத வாழ்க்கை எத்தகையது என்பதை இம்மலாயா மண்ணிலேயே நம் பாட்டன்மார் அறிவர். ஜேம்ஸ் மறைந்த 1910-ஆம் ஆண்டில்தான் இங்கு ஒப்பந்தக் கூலிக்குப் புதிதாக ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை பின்னும் தொடர்ந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளி வந்தது, பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. விடியற்காலைப் பெரட்டில் அப்பன் நின்ற வரிசையில் மகனும் நின்றான். "எத்தொழில் செய்வேன்?" என்று அவன் ஓரிரவும் உறக்கம் இழக்கவில்லை. அதனால் அவனுக்குத் துயரில்லை என்று கூறுவோர், அந்திவேளையில் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கூடிய கூட்டத்தைப் பார்த்திராதவர்.

துயரில்லையென்றால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் ஏன் எழுந்தது? அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமில்லை. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும், துரைமார் எதிரே சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் நீத்தனர். இன்றைய நம் பையனை அடைத்து நிற்கும் பல கதவுகளின் குழப்பம், ஒரு கதவும் திறவாத அந்நாளில் அவர்கள் கேட்டுப் பெற்ற பொருள்களுள் ஒன்று. அவன் தயங்குவதைக் கண்டு அவமானப்படும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று நம் இடைநிலைப் பள்ளிகளில் ஆலோசனை ஆசிரியர் இருக்கின்றனர். பார்சன்ஸ் கண்ட கனவின் வழித்தோன்றல்கள் அவர்கள். நம் பெற்றோரில் எத்தனை பேர் அவ்வாசிரியரின் அறையை எட்டிப் பார்த்திருப்பர்? மின்சாரத் தொழில், விமானப் பழுதுபார்ப்பு, தாதியர் பணி, கணக்கியல் இவற்றில் நாள்தோறும் என்ன வேலை நடக்கின்றது என்று அத்தொழில் செய்வாரிடமே பிள்ளையை அழைத்துச் சென்று காட்டியவர் எத்தனை பேர்? ஓராண்டு ஏதேனும் ஒரு சிறு வேலையில் இருந்து பார்க்கட்டும் என்று பொறுத்தவர் எத்தனை பேர்? உண்ணாமலும் உறங்காமலும் வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு வேண்டியது வைத்தியர், கயிறன்று. ஜேம்ஸ் எந்த எல்லை வரை சென்று திரும்பினார் என்பதை மேலே கண்டோம். எல்லாரும் திரும்புவதில்லை.

1908 மே முதல் நாளில் பார்சன்ஸ் தம் நிலையத்தின் முதல் அறிக்கையை அளித்தார். நான்கு மாதத்திற்குள் ஆணும் பெண்ணுமாக 80 பேர் ஆலோசனைக்கு வந்திருந்தனர் என்று அதில் கண்டுள்ளது. வந்தவருள் மிக இளையவருக்கு வயது 15. மிக மூத்தவருக்கு வயது 72.